செகண்ட் ஷோவுக்கு புருஷன் பொண்டாட்டி மட்டும் போகணும்னா: மதுரைல ரெண்டு தியேட்டர், ஒரு ரிவியூ

நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். கல்யாணமாகி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, வீட்ல ரெண்டு பிள்ளைங்க, மாமியார், காலைல ஸ்கூல் வேன், இப்படி ஓடிக்கிட்டு இருக்க ஒரு புருஷன் பொண்டாட்டி ராத்திரிக்கு ரெண்டு பேரு மட்டும் படத்துக்குப் போகணும்னா எந்த மாதிரி தியேட்டருக்குப் போறதுன்னுதான் இந்த ரிவியூ. படத்துக்கு ரிவியூ இல்ல, அதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க, இன்டர்வல்லயே வீடியோ போட்டுர்றாங்க. நான் சொல்லப் போறது சீட்டு, சவுண்டு, தின்பண்டம், பாத்ரூம், அப்புறம் யாருமே எழுதாத ஒண்ணு, படம் விட்டு வெளிய வந்தா அங்க என்ன இருக்குங்கறது. என்னயக் கேட்டா அதுக்குத்தான் பாதி மார்க்கு.

தியேட்டர் பேரு ரெண்டும் போடல. ஒண்ணு மால்ல இருக்க மல்டிப்ளெக்ஸ், இன்னொண்ணு ஊருக்குள்ள இருக்க பழைய ஒத்த ஸ்க்ரீன், கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி சீட்டு மாத்தி ஏசி போட்டு புதுப்பிச்சது. இதே மாதிரி ஜோடி எல்லா ஊர்லயும் இருக்கும், உங்க ஊரு தியேட்டர நினைச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல மால். டிக்கெட்டு ஆன்லைன்லதான் எடுத்தோம். தமிழ்நாட்டுல மல்டிப்ளெக்ஸுக்கு அதிகபட்சம் 150 ரூபா, வரி தனின்னு 2017ல கவர்மென்ட்டு வச்சது, நூறு ரூபாய்க்கு மேல உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல உள்ளாட்சி வரி, அதுக்கும் மேல ஆப்ல புக் பண்றதுக்கு ஒரு ஃபீஸு, அதுவும் ஒரு புக்கிங்குக்கு இல்ல டிக்கெட்டுக்கு இவ்வளவுன்னு. ஒரே போனு, ஒரே அமுக்கு, ரெண்டு தடவ ஃபீஸு. இவரு சிரிச்சுக்கிட்டே "நமக்குக் கல்யாணம் ஆனது ஆப்புக்குத் தெரியல போல"ன்னாரு.

ரெக்லைனர் சீட்டு. ஆசையாத்தான் எடுத்தோம். பட்டனை அமுக்குனா கால் தூக்குது, முதுகு சாயுது, எல்லாம் சொகுசுதான், குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒரு முழ அகலத்துக்கு கைப்பிடி, அதுல கப்பு வைக்க ஒரு குழி, சாப்பாடு ஆர்டர் பண்ண ஒரு பட்டன், அதுக்கு அந்தப் பக்கம் என் புருஷன். பக்கத்துப் பக்கத்துல புக் பண்ணிட்டு ஏதோ ஆஸ்பத்திரி வார்டுல ரெண்டு கட்டில்ல படுத்துருக்க மாதிரி இருந்துச்சு. ஏதாவது சொல்லணும்னா கிட்ட நகர முடியாது, எட்டிப் பாத்து சத்தமாத்தான் சொல்லணும், சொன்னா முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாக்குறாரு. இன்னொரு பிரச்சனை இருக்கு, அதுதான் பெரிசு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுற மனுசன ராத்திரி பத்தரைக்கு இருட்டு ரூம்ல ஏசியப் போட்டு கால நீட்டிப் படுக்க வச்சா என்ன ஆகும்? ஹீரோ என்ட்ரிக்கு விசில் பறக்குது, இவரு குறட்டை அதுக்கு மேல பறக்குது. எழுப்பலாம்னா கை எட்டல, சொன்னேன்ல, ஒரு முழ கைப்பிடி. சரி தூங்கட்டும்னு விட்டுட்டேன், வீட்ல இருந்தா மட்டும் இம்புட்டு நிம்மதியா தூங்கவா போறாரு.

சவுண்ட பத்தி அவரு சொன்னத எழுதணும், ஏன்னா அவரு மைக் செட்டுக்காரரு, திருவிழா சீசன்ல ராத்திரி பகல் கிடையாது, குழாய் ஸ்பீக்கர் கட்டி வளந்தவரு, சவுண்டுன்னா அவருக்குக் காது தனி. மால்ல இருக்கறது டால்பி அட்மாஸ், மேல கூரையிலயும் வரிசையா ஸ்பீக்கர் இருக்கும், ஹெலிகாப்டர் போனா நம்ம தலைக்கு மேலதான் போகும். நாங்க அங்க பாத்தது சண்டப் படம், அதுக்கு அது சரி, முழிச்சிருந்த நேரத்துக்கு அவரும் ரசிச்சாரு. ஆனா பாட்டும் அடிதடியும் காது கிழியுது, பேச்சு வந்தா என்ன சொன்னான் என்ன சொன்னான்னு கேக்க வேண்டியதா இருக்கு. வசனம் முக்கால்வாசி திரைக்குப் பின்னாடி நடுவுல இருக்க ஸ்பீக்கர்ல இருந்துதான் வருமாம், அது வெளிய வரணும்னுதான் திரை பூரா பொடிப்பொடியா ஓட்டை போட்டுருப்பாங்களாம், இத்தன வருஷம் படம் பாக்குறேன் எனக்கு இது தெரியாது. சுத்தி இருக்கறத ஏத்தி வச்சு நடு ஸ்பீக்கர விட்டா பேச்சு அமுங்கிரும், அதான் இங்க நடந்துருக்குன்னாரு.

தின்றதுக்கு என்ன விலைன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா. ரெண்டு பாப்கார்ன், ஒரு கூல்ட்ரிங்ஸு வாங்குனா இன்னும் ரெண்டு பேர சேத்து படத்துக்குக் கூட்டிட்டு வந்த காசு. 2024 டிசம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில்ல பாப்கார்னுக்கு வரி சொன்னது ஞாபகம் இருக்கா, உப்பு காரம் போட்டு லூசா வித்தா 5, பாக்கெட்டு போட்டு லேபிள் ஒட்டுனா 12, கேரமல் ஊத்துனா 18ன்னு, ஊரே சிரிச்சுச்சு. வெளிய இருந்து தின்பண்டம் கொண்டு வரக்கூடாதுன்னு தியேட்டர்காரங்க சொல்லலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரில தீர்ப்பு சொல்லிருச்சு, அதனால அதுல சண்டை போட முடியாது. ஆனா அதே தீர்ப்புல குடிக்கிற நல்ல தண்ணி சும்மா குடுக்கணும், கைப்பிள்ளைக்குக் கொண்டு வர்ற சாப்பாட்டத் தடுக்கக்கூடாதுன்னும் இருக்கு. இது நெறைய பேருக்குத் தெரியாம அம்பது அறுபது குடுத்து பாட்டில் தண்ணி வாங்குறாங்க. கேளுங்க, ஒரு மூலையில பிளாஸ்டிக் கேன் இருக்கும். இங்கயும் இருந்துச்சு, பாத்ரூம் போற வழில, டம்ளர் மட்டும் இல்ல.

பாத்ரூம் சுத்தம். அதுக்கு முழு மார்க்கு குடுத்துர்றேன், பொம்பளைங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். படம் முடிஞ்சது ஒண்ணே கால் மணி. லைட்டப் போட்டாங்க, வந்த வழி பூட்டியாச்சு, ஒரு பையன் டார்ச்ச ஆட்டி "இந்தப் பக்கம் இந்தப் பக்கம்"னு ஒரு கதவக் காட்டுறான். அங்கிட்டுப் போனா சாமான் ஏத்துற வராந்தா, அட்டப்பெட்டி, அதுக்கப்புறம் படி, நேரா பேஸ்மென்ட்டு பார்க்கிங்ல கொண்டு போய் விட்டுருது. கடை எல்லாம் ஷட்டர் போட்டாச்சு. ஹெல்மெட்ட மாட்டு, வண்டிய எடு, வீட்டுக்குப் போ. ரெண்டே முக்கா மணி நேரம் பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்த பேசிக்கல, வண்டில ஹெல்மெட்டுக்குள்ள என்னத்த பேசுறது. வீட்டுக்கு வந்து கேட்டத் தொறந்தா அத்தை வாசல்ல உக்காந்துருக்காங்க, சின்னவனுக்கு லேசா சுடுதுன்னு. முடிஞ்சு போச்சு ராத்திரி.

அடுத்தது பழைய தியேட்டர். இங்க நாங்க பாத்தது வேற படம், அண்ணன் தம்பி ரெண்டு பேரு அப்பன் செத்தப்புறம் வீட்டப் பிரிக்கிற கதை. யுஏ 16+ போட்டுருந்துச்சு. முன்னாடி சும்மா யுஏன்னு மட்டும் இருக்கும், இப்ப 7, 13, 16ன்னு வயச பிரிச்சுப் போடுறாங்க, 2024ல மாத்துனது. எனக்கு இது ரொம்ப உதவி, ஏன்னா பிள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்குக் காரணம் தேட வேணாம் பாருங்க. மகளுக்கு பன்னெண்டு வயசு, "சர்டிபிகேட் இருக்கு நீ வரக்கூடாது"ன்னு போன்ல காட்டுனேன், அவ அத முழுசாப் படிச்சுட்டு "இதுல பெரியவங்க கூட போலாம்னு போட்டுருக்கே"ங்குறா. அதுவும் உண்மைதான். கடைசில ஞாயித்துக்கிழம அவளுக்கும் தம்பிக்கும் ஒரு படம்னு பேரம் முடிஞ்சுச்சு. எதிர்வீட்டு அக்கா எங்க ரெண்டு பேரையும் வண்டில பாத்துட்டு "பிள்ளைங்கள விட்டுட்டா கிளம்பிட்டீங்க"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது, சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா தெரு முக்கு வரைக்கும் மனசு உறுத்தத்தான் செஞ்சுச்சு. எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டி தனியா போறதுன்னா கல்யாணம் ஆன புதுசுல, அப்புறம் பிள்ளைங்க கல்யாணம் முடிச்சு ராமேஸ்வரம் போறப்ப. நடுவுல இருக்க இருபத்தஞ்சு வருஷத்துக்கு எந்த ஏற்பாடும் கிடையாது.

கவுன்ட்டர்ல கையில டிக்கெட்டு, ஃபீஸு கிடையாது. பால்கனி. நூறு ரூபாய்க்குள்ள இருக்க டிக்கெட்டுக்கு இப்ப ஜிஎஸ்டி 5 தான், 2025 செப்டம்பர்ல 12ல இருந்து குறைச்சாங்க, அதனால ரெண்டு பேருக்கும் சேத்தே மால்ல ஒருத்தருக்கு ஆனத விடக் கம்மி. சீட்டு புஷ்பேக், ரொம்ப சாயாது, கைப்பிடி ஒல்லி, அதையும் மேல தூக்கி விட்டுக்கலாம். தூக்கி விட்டாரு. அம்புட்டுத்தான், இதுக்கு மேல சீட்ட பத்தி நான் எழுத மாட்டேன், எங்க அத்தை இத படிச்சாலும் படிப்பாங்க, மகதான் அவங்களுக்கு எல்லாம் வாசிச்சுக் காட்டுறா.

படம் கொஞ்சம் மங்கல். ப்ரொஜெக்டர் லேம்ப்பு பழசாகப் பழசாக வெளிச்சம் குறையும், மாத்துறதுக்குக் காசு ஜாஸ்தி, அதனால கடைசி வரைக்கும் ஓட்டுவாங்கன்னு இவரு சொன்னாரு. இருட்டுல எடுத்த ரெண்டு மூணு சீன்ல யாரு பேசுறான்னே தெரியல. மைனஸ்தான். ஆனா பேச்சு ஒவ்வொண்ணும் தெளிவு, தம்பிக்காரன் முணுமுணுக்குறது கூட பால்கனி வரைக்கும் வருது. அட்மாஸ் எல்லாம் இல்ல, அண்ணன் தம்பி சண்டைக்கு எதுக்குங்க கூரையில ஸ்பீக்கரு. இவருக்கு அந்த ஆபரேட்டர பாத்து கை குடுக்கணும்னு ஆச, இன்டர்வல்ல மேல ரூம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாரு, கதவு சாத்திருந்துச்சாம்.

லேடீஸ் பாத்ரூம் ஒரே ஒண்ணு, ரெண்டு கதவு, அதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்ல, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கணும். யாருன்னே தெரியாத ஒரு அக்காவுக்கு நான் பிடிச்சேன், அவங்க எனக்குப் பிடிச்சாங்க, அஞ்சு நிமிஷத்துல அவங்க மக எங்க படிக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் தியேட்டர்காரங்களே, சீட்டுக்கும் ஏசிக்கும் செலவழிச்சீங்க, ஒரு தாழ்ப்பாளுக்கு என்ன ஆகிரப் போகுது.

இன்டர்வல்ல இங்க வெளிய விடுறாங்க, அதான் விசேஷம். பால்கனிக்கு வெளிய ஒரு நீள வராந்தா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு கீழ ரோட்டப் பாக்கலாம். ஒரு சமோசா, ஒரு டீ, அதே பழைய முறுக்கு பாக்கெட்டு. பாப்கார்னுல ஒரு மஞ்சப் பொடி வாசன வருமே, அது இன்னும் அப்படியே இருக்கு. அங்க நின்னுக்கிட்டு இருக்கப்ப அவரா பேச ஆரம்பிச்சாரு. எங்க வீட்லயும் பாகம் பிரிச்சாச்சு, மாமா செத்த அடுத்த வருஷமே. ரோட்டோரம் இருக்க முன்பக்கம் அவுக அண்ணனுக்கு, பின்பக்கம் எங்களுக்கு, அதுல ஒரு கிணத்துக்கு நடந்த பஞ்சாயத்துல ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டாங்க. கிணத்துல தண்ணி கிடையாது, அது வேற கதை. இத்தன வருஷமா அதப் பத்தி நான் எடுத்தாலே "சோத்தப் போடு"ன்னு முடிச்சுருவாரு. அன்னைக்கு கையில டீய வச்சுக்கிட்டு, முதல் குழாய் ஸ்பீக்கர் அண்ணன்தான் வாங்கிக் குடுத்துச்சு, அண்ணி வளையல வச்சுத்தான் வாங்குனதுன்னு சொல்றாரு. எனக்கு அது அன்னைக்கு வரைக்கும் தெரியாது. பெல் அடிச்சுட்டாங்க, பாதில நிறுத்திட்டு உள்ள போனோம். ரெண்டாவது பாதில படத்த நான் சரியாவே பாக்கல, அந்த வளையல் கணக்குலயே இருந்தேன், எங்க ஓரகத்தி ஒரு தடவ கூட வாயத் திறக்கலையே, நானா இருந்தா பத்து பஞ்சாயத்துலயும் அதத்தான முதல்ல எடுத்துருப்பேன்.

அத்தை காலத்துல எப்படின்னு கேட்டுப் பாத்துருக்கேன். அவங்க உசிலம்பட்டி பக்கம், பிறந்த வீட்ல இருந்தப்ப டூரிங் டாக்கீஸ்தான், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல தடுப்பு. கல்யாணம் ஆகி மதுரைக்கு வந்தப்புறம் தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு பராசக்தி படத்தோட திறந்தது, ரெண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல உக்காரலாம், ஆசியாவுலயே பெருசுன்னு மதுரைக்காரங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி வளந்தோம். இப்ப அத இடிச்சு ஜவுளிக்கடை ஆயிருச்சு. சிந்தாமணின்னு ஒரு தியேட்டர், 1937ல வந்த சிந்தாமணி படத்து லாபத்துல கட்டி அதே பேரு வச்சது, அதுவும் ஜவுளிக்கடைதான். இந்த ஊர்ல தியேட்டர் செத்தா சேலையாத்தான் பிறக்கும் போல. தங்கம் இருந்த இடத்துல அத்தைக்கு சேலை எடுக்கப் போனப்ப, எஸ்கலேட்டருக்குப் பயந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு "இந்தா, இங்கிட்டுத்தான் திரை இருந்துச்சு, நாங்க அந்தா அங்கன உக்காருவோம்"னு காட்டுனாங்க. சேல்ஸ் பையன் பட்டுச்சேலை எடுத்து விரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கான், அத்தை அந்தச் சுவரையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

அப்ப ஒண்ணு சொன்னாங்க, அதுல இருந்துதான் இந்த ரிவியூவே எனக்கு எழுதத் தோணுச்சு. மாமா கூட தனியா ஒரு படத்துக்குக் கூட அவங்க போனதில்லையாம். போனா வீடே போகும், மாமியார், நாத்தனாருங்க, கொழுந்தனாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளை, பன்னெண்டு பேரு ஒரே வரிசை, மாமா அந்தக் கோடி இவங்க இந்தக் கோடி. "அப்புறம் எப்பத்தான் அத்தை பேசுவீங்க"ன்னு கேட்டேன். "படம் விட்டு நடந்து வர்றப்ப ஏத்தா. எல்லாரையும் முன்னுக்க விட்டுட்டு நாங்க பின்னுக்க வருவோம். ஒங்க மாமா வெத்தல வாங்குறேன்னு நிப்பாரு, நானும் செருப்பு வார் அந்துருச்சுன்னு நிப்பேன்"னாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பொறாமையாவும் இருந்துச்சு. பன்னெண்டு பேரோட போயும் அவங்களுக்குக் கிடைச்சது, ரெண்டே பேரு போயி மால்ல எங்களுக்குக் கிடைக்கல, ஏன்னா அங்க பின்னுக்க நடக்குறதுக்கு வழியே கிடையாது, நேரா பேஸ்மென்ட்டு.

பழைய தியேட்டர்ல படம் விட்டா நேரா தெரு. மதுரை தூங்காதுன்னு சொல்றது சும்மா இல்ல, வாசல்லயே ஒரு பரோட்டா கடை, கல்லுல டங்கு டங்குன்னு கொத்துற சத்தம், அதுக்குப் பக்கத்துல இட்லி கடை, ஆவி பறக்குது, கூட்டத்துல பாதி அங்கதான் நிக்குது. வண்டிய ஸ்டாண்டுலயே விட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்தோம். ஒரு கொத்து, ரெண்டு பரோட்டா, சால்னா. பக்கத்து டேபிள்ல இருக்க காலேஜ் பசங்க க்ளைமாக்ஸ கிழிச்சுத் தொங்க விடுறாங்க, இவரு அதுல போய் சேந்துக்கிட்டாரு, அண்ணன்காரன் மேல தப்பே இல்லன்னு ஒரே வாதம். நான் சும்மா இருந்தேன். அப்புறம் வீட்டுக்குப் போற வழில ஹெல்மெட்டுக்குள்ள இருந்து "பொங்கலுக்கு அண்ணனக் கூப்புடுவமா"ன்னாரு. காதுல சரியா விழாத மாதிரி "என்னங்க"ன்னு இன்னொரு தடவ கேட்டு சொல்ல வச்சேன். கூப்புடுவாரா மாட்டாராங்கறது எனக்கு இன்னும் நம்பிக்க இல்ல, ரெண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு. ஆனா ஓரகத்திக்கு நான் மறுநாளே போன் போட்டுட்டேன், வளையலப் பத்திப் பேசல, அவியலுக்கு எவ்வளவு தேங்கான்னு கேட்டேன்.

மார்க்கு போடணும்ல. மால் தியேட்டருக்கு அஞ்சுக்கு ரெண்டரை. பிள்ளைங்கள, வயசானவங்கள கூட்டிட்டுப் பகல் ஆட்டத்துக்குப் போக அருமை, லிப்ட்டு இருக்கு, பாத்ரூம் சுத்தம், யாருக்கும் கால் வலிக்காது. ரெண்டு பேரு மட்டும் போறதுக்கு வேணாம். ரெக்லைனர் எடுக்கவே எடுக்காதீங்க, தூங்கணும்னா வீட்லயே தூங்கலாம். பழைய தியேட்டருக்கு நாலு. தாழ்ப்பாளுக்கு அரை, மங்கல் லேம்ப்புக்கு அரை குறைச்சிருக்கேன்.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். புதுப்படம் முதல் வாரம் போகாதீங்க, பால்கனி பூரா விசிலு, பேப்பரு, ஒண்ணும் கேக்காது. புதன், வியாழன் ராத்திரி நல்லா இருக்கு. பால்கனில கடைசி வரிசை வேணாம், ஏசி நேரா தலையில அடிக்குது, நடு வரிசையா கேட்டு வாங்குங்க, ஒரு துண்டு இல்ல சால்வை கையில வச்சுக்கங்க. வண்டி டோக்கன பர்ஸுல வைங்க, தொலைச்சா ஆர்சி புக்க காட்டச் சொல்றாங்க. பரோட்டா கடையில ஒண்ணரை மணிக்கு மேல சால்னா தீந்துரும், அதனால ஒருத்தர் படம் முடிஞ்சு பேரு ஓடுறப்பவே கீழ இறங்கி இடம் பிடிச்சுருங்க, கலக்கி வேணும்னா முதல்லயே சொல்லிருங்க, கூட்டம் வந்துட்டா அந்த அண்ணே போட மாட்டேங்குறாரு.